மாசி, பங்குனிக்கு மட்டும் காலி

எளியவிலைக் குடியிருப்புச் சட்டம் சட்டசபையில் நிறைவேறிய அன்று சாயங்காலம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப் பக்கம் சரவெடிச் சத்தம் கேட்டது. சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் ஜனங்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள், எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று. புகை இல்லை என்று தெரிந்த பிறகு மூச்சு விடுவார்கள். அதற்கப்புறம்தான் ஆச்சரியப்படுவார்கள். வெடி செய்கிற ஊரில் எவனும் காசு கொடுத்து வெடி வாங்கிப் போடுவதில்லை.

பாண்டிலட்சுமி பயர் ஆபீஸில் சரவெடி பின்னுகிறவள். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் பயர் ஆபீஸ் என்றுதான் பெயர். சத்தத்தை வைத்தே அது விலை கூடின ரகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வீட்டு வாடகை குறையப் போகுதாம். அதுக்கு வெடி போடுறாக."

"நல்லதுதானே," என்றான் அவள் புருஷன் மணிமுத்து.

"போடுறது யாருன்னு பார்த்தீகளா? அம்புட்டுப் பேரும் வீட்டுப் புரோக்கருக."

மணிமுத்துவுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அவன் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். ஆடியிலிருந்து மார்கழி வரை காலண்டர் அடிப்பான். அச்சில் வந்த எதையும் நம்புகிற சுபாவம் அவனுக்கு. அச்சடிக்கிறவனுக்கே இப்படி ஒரு சுபாவம் எப்படி வந்தது என்பது கல்யாணமான நாள் முதலாகப் பாண்டிலட்சுமிக்கு விளங்காத விஷயம்.

மறுநாள் பேப்பரில் சட்டத்தின் முதல் வரி வந்திருந்தது. மணிமுத்து அதைச் சத்தமாக வாசித்தான். 'எந்தவொரு குடும்பமும் தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகையுள்ள வீட்டில் குடியிருத்தல் ஆகாது.'

"பொங்கல் கழிஞ்சா நம்ம வருமானத்துல பாதி வாடகைக்கே போயிருது. இனிமே போகாது," என்றான்.

"வாடகை குறையும்னு எங்கன போட்டிருக்கு?"

"அதான் அர்த்தம்."

"குடியிருக்க ஆகாதுன்னுல்ல போட்டிருக்கு. யாரு குடியிருக்க ஆகாது? குடும்பம். இதுல வீட்டுக்காரங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் யோகலட்சுமி பேப்பரை வாங்கி அந்த வரியைப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது இலக்கணப்படி சரி," என்றாள். மணிமுத்து இலக்கணத்தைப் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் இருந்தது பெர்சிஸ் டீச்சர் வீட்டின் பின்கட்டு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு தனி வாசல், பின்பக்கம் இன்னொன்று. டீச்சர் ரிட்டயர் ஆனவர், கணவர் காலமாகிவிட்டார், மகன் கோயம்புத்தூரில் இருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனில் பேசுவான். யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. வீடு கேட்டு வந்த அன்றே, "பயர் ஆபீஸ் வேலைங்கிறீக. வீட்டுக்குள்ள வெடிக்குக் கருந்திரி உருட்ட மாட்டீகள்ல?" என்று கேட்டார். மாட்டோம் என்று சொன்ன பிறகும் ரொம்ப நாள் ஜன்னல் பக்கம் வந்து நின்று வெடிமருந்து வாடை வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுப் போவார். பாண்டிலட்சுமிக்கு இதில் கோபம் இல்லை. தனக்கு வீடு இருந்தாலும் அப்படித்தான் மோந்து பார்த்திருப்பாள்.

சட்டம் வந்த கையோடு விருதுநகரில் எளியவிலை ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் திறந்தார்கள். அதற்காக ஒரு பெரிய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, அதில் குடியிருந்த இரண்டு குடும்பங்களைக் காலி செய்திருந்தார்கள். முகப்பில் 'எட்டாத வீட்டில் எவரும் இல்லை' என்று எழுதியிருந்தது. மணிமுத்து பிரஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், அங்கே ஆய்வாளர் அருள்பாண்டி முன்னால் நின்றான். அருள்பாண்டி ஒல்லியானவர். இடுப்பு பெல்ட்டில் ஒரு அளவு டேப்பை மாட்டியிருந்தார். எதிரில் இருப்பவர் சொல்வது எதுவும் முழு உண்மை அல்ல என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. வணக்கம் சொன்னதற்கே கொஞ்சம் யோசித்தார்.

"என்ன விஷயம்?"

"வாடகை கட்டுப்படியாகலை சார். பாதி வருமானம் போயிருது. குறைச்சுத் தருவீகன்னு..."

அருள்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ, கட்டுப்படியாகாத வீட்டுல நீங்க குடியிருக்கீங்க."

"ஆமா சார்."

"தெரிஞ்சே குடியிருக்கீங்க."

"தெரிஞ்சுதான் சார்."

"இது சட்டப்படி குற்றம். தெரியுமா? ஆனா தானா வந்து ஒத்துக்கிட்டவங்களுக்குச் சலுகை உண்டு. முதல் தடவை எச்சரிக்கையோட விட்டுருவோம். உக்காருங்க."

மணிமுத்து உட்கார்ந்தான். குற்றம் என்ற சொல் அவனுக்கு இடித்தது. ஆனால் உட்காரச் சொன்னது மரியாதையாக இருந்தது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று பஸ்ஸில் வரும்வரை யோசித்து, மரியாதையை எடுத்துக்கொண்டான்.

"ஆய்வுக்கு வர்றாகளாம்," என்று வீட்டில் சொன்னான்.

"வீட்டையா ஆய்வு பண்ணப் போறாக, நம்மளையா?" என்றாள் பாண்டிலட்சுமி.

வந்தது அவர்களைத்தான். அருள்பாண்டி சுவரையும் கூரையையும் பார்க்கவில்லை. அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டு ஆழம் பார்த்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினார். கருவாடு. முகத்தைச் சுளிக்காமல், "இது ஆசைக்கு வச்சதா, வழியில்லாம வச்சதா?" என்று கேட்டார்.

"கருவாடுன்னா எங்களுக்கு உசுரு சார்," என்றான் மணிமுத்து பெருமையாக.

"ஆசைக்கு," என்று குறித்துக்கொண்டார்.

மூலையில் ஒரு பிரிட்ஜ் நின்றது. அருள்பாண்டி அதைக் கண்டதும், தேடியது கிடைத்துவிட்டவர் போல, நேராக அதனிடம் போனார். கதவைத் திறந்தார். உள்ளே யோகலட்சுமியின் யூனிபார்மும் புத்தகங்களும் தட்டுத்தட்டாக அடுக்கியிருந்தன.

"இது ஓடாது சார். பீரோ இல்லைன்னு துணி வச்சிருக்கோம்," என்றாள் பாண்டிலட்சுமி.

"ஓடாத பிரிட்ஜை எதுக்கு வச்சிருக்கீங்க? வசதி இருக்கிற மாதிரிக் காட்டவா, வசதி இல்லாத மாதிரிக் காட்டவா?"

"துணி வைக்க சார்."

அந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "மாச வருமானம் என்ன?" என்றார்.

"எந்த மாசத்துக்கு சார்?" என்றான் மணிமுத்து.

அருள்பாண்டி பேனாவை மூடினார். அவருடைய பயிற்சியில் எல்லா மாதமும் ஒரே மாதமாக இருந்தது. மணிமுத்து விளக்கினான். தீபாவளி வரைக்கும் பயர் ஆபீஸில் வேலை இருக்கும். தீபாவளி முடிந்தால் அடைத்துவிடுவார்கள். அப்போது பிரஸ்ஸில் காலண்டர் சீசன், அதை வைத்து ஓட்டலாம். பொங்கலோடு காலண்டரும் முடியும். அப்போது பயர் ஆபீஸைத் திறந்திருப்பார்கள் என்றாலும் ஆர்டர் வந்து சேராது; வாரத்தில் சில நாள்தான் வேலை. தை கையிருப்பில் ஓடிவிடும், ஆக மாசியும் பங்குனியும்தான் கஷ்டம். சித்திரை வந்தால் கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டு அட்டை என்று பிரஸ் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

அருள்பாண்டி முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"அப்போ மாசி, பங்குனி தவிர மத்த மாசமெல்லாம் இந்த வீடு உங்க வருமானத்துக்கு எட்டுது."

"கஷ்டப்பட்டு எட்டுது சார்."

"எட்டுதா இல்லையா?"

"எட்டுது."

"மாசி, பங்குனி எட்டலை. அதனால அந்த ரெண்டு மாசம் மட்டும் நீங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

பாண்டிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் ஆய்வாளரைப் பார்த்தான்.

"சார், வாடகையைக் குறைக்கத்தான்..."

அருள்பாண்டி பொறுமையாகச் சொன்னார். "கவனமாக் கேளுங்க. ஒரு குடும்பம் எட்டாத வீட்டுல இருந்தா அதைச் சரிபண்ண மூணு வழி இருக்கு. வாடகையைக் குறைக்கலாம். அது வீட்டுக்காரங்க சொத்துரிமை, நம்ம கை வைக்க முடியாது. வருமானத்தைக் கூட்டலாம். அது தொழிலாளர் துறை, நம்ம தலையிட முடியாது. குடும்பத்தை வெளியேத்தலாம். அது மட்டும்தான் நம்ம அதிகாரத்துல இருக்கு. இருக்கிற அதிகாரத்தை வச்சுத்தானே ஏழைகளுக்கு நல்லது செய்ய முடியும்?"

மாசி, பங்குனி என்றால் மார்ச் மாதமும் அதன் இருபக்கமும். யோகலட்சுமியின் பொதுத்தேர்வு அதில்தான் வந்தது. அதைச் சொன்னார்கள். தேர்வு கல்வித்துறை என்றார் அருள்பாண்டி.

அவர் போன பிறகு பெர்சிஸ் டீச்சர் பின்கட்டுக்கு வந்தார். "எம்மேல புகார் குடுத்தியா மணி?"

"இல்ல டீச்சர். வாடகையைக் குறைக்கட்டும்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதுக்குப் பேரு என்ன?"

டீச்சர் அன்று முதல் அவனிடம் பேசவில்லை. பாண்டிலட்சுமியிடம் பேசினார், அவன் புகார்தான் கொடுத்தான் என்ற அதே சந்தேகம் அவளுக்கும் இருந்ததால்.

உத்தரவில் ஒரு ஆறுதல் இருந்தது. வெளியேறும் குடும்பங்கள் ஆனைக்குட்டத்தில் ஆணையம் கட்டிய 'இடைக்கால இல்லத்தில்' தங்கலாம். மணிமுத்து அதைப் பார்க்கப் போனான். அணைக்குப் போகிற சாலையில் இறங்கி நடந்தால், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய அலங்கார வளைவு நின்றது. இரண்டு பக்கமும் சிங்க முகம், மேலே விளக்கு, வண்ண எழுத்தில் பெயர். வளைவைத் தாண்டினால் கருவேலங்காடு தொடர்ந்தது.

வளைவுக்குக் கீழே காவலாளி ஒருவர் நாற்காலி போட்டிருந்தார். பெயர் தங்கச்சாமி, மல்லாங்கிணறுக்காரர். பருத்தி வெள்ளாமை பொய்த்துப் போனதால் இந்த வேலைக்கு வந்தவர்.

"வீடெல்லாம் எங்கனண்ணே இருக்கு?"

"வளைவு கட்டி முடிச்சிட்டாக. வீடு அடுத்த கட்டம்."

"அடுத்த கட்டம் எப்போ?"

"வளைவு பிரமாதமா வந்திருக்குன்னு பாராட்டி, இன்னொரு வளைவுக்கு உத்தரவாகியிருக்கு. அந்தப் பக்கம் வெளியே போறதுக்கு." தங்கச்சாமி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். "நிழலு நல்லா விழுது. மத்தியானம் மட்டும் கொஞ்சம் நகரணும்."

மணிமுத்து அந்த நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல்முதலாக அச்சில் வந்த எழுத்தின் மேல் சந்தேகம் வந்தது. வளைவில் 'இல்லம்' என்று எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்து, அந்தச் சொல்லுக்கு இல்லாததைச் சொல்கிற அர்த்தமும் இருக்குமோ என்று யோசித்தான்.

மாசி முதல் தேதி காலையில் ஆணையத்தின் ஆட்கள் வந்து பின்கட்டின் முன்வாசலைப் பூட்டி, 'எளியவிலை உறுதிசெய்யப்பட்ட வீடு' என்று ஒரு பலகை மாட்டினார்கள். ஆள் இல்லாத வீடு யாருக்கும் எட்டாமல் போகாது என்பதால் அது உறுதியானது. மணிமுத்துவும் பாண்டிலட்சுமியும் சாமான்களைப் பெர்சிஸ் டீச்சர் வீட்டுத் தகரச் செட்டில் போட்டுவிட்டு இருக்கன்குடிக்குப் போனார்கள். மாரியம்மன் கோவிலுக்கு நேத்திக்கடன் வைத்து வருகிறவர்கள் நாள்கணக்கில் தங்குவது அங்கே வழக்கம். ஆற்று மணலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம். யாரும் வாடகை கேட்க மாட்டார்கள், ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டார்கள்.

யோகலட்சுமியை மட்டும் டீச்சர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மணிமுத்து மேல் கோபம் இருந்தாலும் பிள்ளையின் பரீட்சையோடு அவருக்குக் கோபம் இல்லை. அருள்பாண்டிக்கு இது எப்படியோ தெரிந்து, வந்து கதவைத் தட்டினார்.

"வெளியேத்தின குடும்பத்துல ஒரு ஆள் இங்க தங்கியிருக்கிறதாத் தகவல்."

"தங்கலை. டியூஷனுக்கு வந்திருக்கா," என்றார் டீச்சர்.

"போன வாரமும் இருந்தாங்களே."

"டியூஷன் முடியலை."

"ஒரு வாரமாவா?"

"கணக்குப் பாடம். நீங்க என்ன படிச்சிருக்கீக?"

அருள்பாண்டி தான் படித்ததைச் சொன்னார். டீச்சர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "உங்களுக்கு முடிஞ்சிருச்சா கணக்கு?" என்று கேட்டார். அவர் அந்தக் கேள்வியை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

இருக்கன்குடி மணலில் பக்கத்துப் பந்தலில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் இருந்தது. அவர்களிடம் பூஜைச் சாமான் எதுவும் இல்லை. தையல் மிஷினும் மாவு கிரைண்டரும் இருந்தன. பாண்டிலட்சுமி இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டாள்.

"என்ன நேத்திக்கடன் நீங்க?"

அந்தப் பெண் இவளுடைய பாத்திரமூட்டையையும் ஓடாத பிரிட்ஜின் தட்டையும் பார்த்தாள். பிரிட்ஜ் தட்டில்தான் பாண்டிலட்சுமி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வச்சிருக்கோம். நீங்க?"

"நாங்களும் வீட்டுக்குத்தான்."

அதற்குப் பிறகு மணலில் யார் யாருக்கு என்ன நேத்திக்கடன் என்று பாண்டிலட்சுமி ஒவ்வொரு பந்தலாகப் போய்க் கேட்டாள். அம்மை கண்டவர்கள் இருந்தார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் வீடு. மாரியம்மனுக்கே அந்த வருஷம் ஏன் இவ்வளவு கூட்டம் என்று விளங்கியிருக்காது.

அவள் இன்னொன்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். காலியான வீடுகள் எல்லாம் காலியாக இல்லை. சட்டம் குடும்பத்துக்குத்தான், குடோனுக்கு இல்லை. மாசி, பங்குனி என்று இரண்டு மாதத்துக்குக் காலி செய்யப்பட்ட வீட்டை, புரோக்கர் வந்து வருஷக் கணக்கில் காகித லோடு வைக்கப் பேசி முடித்துவிடுகிறான். வாடகை இரண்டு மடங்கு.

"அதான் வெடி போட்டானுக," என்றாள் புருஷனிடம். "கோவிலுக்குப் பக்கத்துல நின்னு சொல்றேன், எனக்கு அன்னைக்கே தெரியும்."

பங்குனிக் கடைசியில் விருதுநகர்க் கல்யாண மண்டபத்தில் ஆணையத்தின் வெற்றிவிழா நடந்தது. பயனாளி என்று மேடையேற ஒருவர் வேண்டியிருந்தது. தானாக வந்து ஒத்துக்கொண்ட ஒரே ஆள் என்பதால் மணிமுத்துவைக் கூப்பிட்டிருந்தார்கள். சந்தன மாலை போட்டார்கள். பாண்டிலட்சுமி முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்னையிலிருந்து வந்த ஆணையர் பேசினார். "வீடு என்பது மனிதனின் உரிமை. ஆனால் உரிமை வேறு, வீடு வேறு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இதுவரை வந்த அரசுத் திட்டங்கள் எல்லாம் மனிதனை மையமாக வைத்து வீட்டை மாற்றப் பார்த்தன. தோற்றன. ஏன்? வீடு செங்கல்லும் சிமெண்டும், அது அசையாது. மனிதன் அசைவான். நாங்கள் அசையக்கூடியதை அசைத்தோம். இன்று பெருமையோடு சொல்கிறேன், இந்த மாவட்டத்தில் எட்டாத வீட்டில் வசிக்கும் குடும்பம் ஒன்றுகூட இல்லை."

கைதட்டினார்கள். ஆணையர் மணிமுத்துவின் தோளில் கை போட்டு ஒலிபெருக்கியை நீட்டினார்.

"ஐயா, இப்போ எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"இருக்கன்குடியில சார்."

"வாடகை எவ்வளவு?"

"வாடகை இல்ல சார். ஆத்து மணலு."

ஆணையர் சபையைப் பார்த்துத் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "சட்டம் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் சொன்னது. நாங்கள் அதைப் பூஜ்யமாக்கிக் கொடுத்திருக்கிறோம். இதைவிட எளிய விலை உலகத்தில் எங்காவது உண்டா?"

மணிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒலிபெருக்கி போய்விட்டது. இறங்கும்போது மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் திருநெல்வேலியில் இதே விழா இருந்தது.

சித்திரை பிறந்ததும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று உத்தரவில் இருந்தது. மணிமுத்து விருதுநகர் போய்க் கேட்டான். அருள்பாண்டி சங்கடத்தோடு சொன்னார். "மாவட்டம் முழு வெற்றின்னு அறிவிச்சாச்சு. இப்போ நீங்க திரும்பி வந்து, அடுத்த மாசி வந்தா மறுபடி எட்டாமப் போகும். வெற்றி குறைஞ்சிரும். அதனால குடும்பங்களைத் திரும்பக் குடியேத்துறதை நிறுத்தி வச்சிருக்கோம்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"வெற்றி இருக்கிற வரைக்கும்."

அன்றைக்குப் பெர்சிஸ் டீச்சர், நெடுநாளைக்குப் பிறகு, மணிமுத்துவிடம் நேராகப் பேசினார்.

"புரோக்கர் வந்து குடோனுக்குக் கேட்டான். காலண்டர் அட்டை வைக்கப் போறானாம். அட்டைன்னு சொல்லிட்டு அவன் வேற எதையாச்சும் அடுக்கி வச்சா, நான் இந்தப் பக்கம் தலைமாட்டுல ஜெபம் பண்ணிட்டுப் படுத்திருக்கணும். ஆள் இருந்தா மோந்து பார்க்கலாம். அட்டையை என்னன்னு மோக்குறது?" கொஞ்சம் நிறுத்தினார். "முன்வாசல்ல அவுக பூட்டு இருக்கட்டும். பின்வாசலுக்கு அவுக பூட்டுப் போடலை."

"வாடகை டீச்சர்?"

"காலி வீட்டுக்கு எப்படிப் பழைய வாடகை கேட்கிறது? நியாயமா இருக்காது. பாதி குடு."

சட்டம் வந்து வாடகை குறைந்தது இப்படித்தான். பாண்டிலட்சுமி இதையும் உடனே நம்பவில்லை. இரண்டு நாள் கழித்தே பாத்திரங்களை எடுத்து வைத்தாள். யோகலட்சுமி தேர்வெல்லாம் முடித்துவிட்டு, டியூஷன் முடிந்து, செட்டிலிருந்து திரும்பி வந்த பிரிட்ஜில் தன் துணிகளை மறுபடி அடுக்கினாள்.

மாதம் பிறந்தால் அருள்பாண்டி முன்வாசலில் வந்து நின்று பூட்டை இழுத்துப் பார்ப்பார். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்பார். உள்ளே மூன்று பேரும் அப்படியே நிற்பார்கள். ஒருதரம் அவர் கேட்டு முடிப்பதற்கும் அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. வெளியே பேனா கிறுக்குகிற சத்தமும் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தமும் கேட்டன.

"கேட்டிருச்சு," என்றான் மணிமுத்து.

"கேட்டுட்டுச் சும்மா போறான்னா அதுல ஏதோ இருக்கு," என்றாள் பாண்டிலட்சுமி. அன்றையிலிருந்து அவள் அவரை அதிகமாகச் சந்தேகப்பட்டாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்வாசலில் அல்ல, பின்வாசலில் யாரோ மெல்லத் தட்டினார்கள். பாண்டிலட்சுமி கதவிடுக்கில் பார்த்தாள். அருள்பாண்டி. இடுப்பில் டேப் இல்லை.

"இங்கன யாரும் இல்லை சார்," என்றாள் உள்ளேயிருந்து.

"தெரியும்மா. நான் ஆய்வுக்கு வரலை."

"ஆய்வுக்கு வர்றவுகளும் அப்படித்தான் சொல்லுவாக."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆணையத்துல சம்பளம் போட்டு நாலு மாசம் ஆச்சும்மா. தூத்துக்குடி ஆய்வாளர் வந்து எங்க வீட்டைப் பார்த்தார். வருமானம் பூஜ்யம். பூஜ்யத்துல மூணுல ஒரு பங்கும் பூஜ்யம்தான். எந்த வாடகையும் எனக்கு எட்டாது. முறைப்படிதான் செஞ்சாங்க, நான் குறை சொல்லலை. நேத்து வீட்டை விட்டு இறக்கிட்டாங்க."

"அதுக்கு இங்கன ஏன் வந்தீக?"

"குடோனாப் போகாத காலி வீட்டுல எல்லாம் குக்கர் விசில் கேட்குதும்மா. உங்க வீட்டுலதான் ரெண்டு அறை இருக்குன்னு நான் அளந்து வச்சிருக்கேன்."

மணிமுத்து கதவுப் பக்கம் நகர்ந்தான். பாண்டிலட்சுமி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இதுவும் ஒரு ஆய்வாக இருக்கலாம். சம்பளம் வராத மாதிரி நடித்து ஆள் பிடிப்பதற்கு ஒரு பயிற்சி இருந்தாலும் இருக்கும். அவள் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து தெருமுனையைப் பார்த்தாள். அங்கே ஒரு லோடு ஆட்டோ நின்றது. கட்டில், மெத்தை, ஒரு துளசிச் செடி. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் மிக்ஸியை வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையைத் தலையில் இழுத்து விட்டிருந்தாள்.

அந்த முந்தானையை வைத்துத்தான் பாண்டிலட்சுமி நம்பினாள். ஆணையத்தின் பயிற்சியில் அவ்வளவு நுட்பம் இருக்காது.

கதவைத் திறந்தாள். "சத்தம் போடாம வாங்க. செருப்பைக் கையில எடுத்துக்கங்க. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வாடகையில பாதி உங்களோடது, சம்பளம் வந்த பிறகு குடுங்க."

அடுத்த மாதம் முதல் தேதி அருள்பாண்டி காலையில் இட்லி சாப்பிட்டார். டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"யாராச்சும் இருக்கீகளா?"

உள்ளே அவர் மனைவி மிக்ஸியை நிறுத்தினாள். அவர் வழக்கமாகக் காத்திருக்கிற நேரம் காத்திருந்து, காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கு வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.